அப்பாவின் மீசைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசர் யாரைக் கேட்டாலும் 'அசோ டெஸ்ட்' பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். துணிச் சாயங்களில் அசோ என்று ஒரு வகை; அதில் சில உடைந்தால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் வெளியே வரும். ஐரோப்பாவுக்குப் போகும் துணியில் அந்த அமீன்களில் எதுவும் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பையர் சரக்கைத் தொட மாட்டார். ஒரு பனியனுக்கு இவ்வளவு பாடு. அந்தப் பனியன் தோலுக்கு மேலே கிடப்பது, சாயங்காலம் கழற்றிப் போட்டுவிடலாம். டாட்டூ மை தோலுக்கு உள்ளே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தில் ஆயுசுக்கும் கிடப்பது. அந்த மை பாட்டிலுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் கேட்ட ஒரு ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஊசி புதுசா என்றுதான் பார்க்கிறார்கள்.

என் இடது முன்கையில் அப்பாவின் முகம் இருக்கிறது. அவர் போய் வருடம் திரும்பியதும் குத்தியது. கோவையில் ஓரளவு பேர் வாங்கிய கடை. ஏசி அறை, பளிச்சென்ற டைல்ஸ், டாட்டூ போடும் பையன் கையில் கறுப்பு நைட்ரைல் கையுறை. ஊசி கார்ட்ரிட்ஜை என் முன்னால்தான் பிரித்தான், கவரில் இருந்த தேதியையும் காட்டினான். "பயப்படாதீங்ணா, நீடில் எல்லாம் ஒன் டைம் யூஸ்தானுங்" என்றான். அவன் சொன்னது நிஜம். இன்றைக்கும் அந்த ஊசிமேல் எனக்குக் குறை கிடையாது.

முகம் வரைவது எப்படி என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பின்னால் வருவது அப்போதுதான் புரியும். மீசை, புருவம், தலைமுடி இதற்கெல்லாம் கறுப்பு மையை அப்படியே எடுப்பார்கள். கன்னம், நெற்றி, மூக்கின் ஓரத்து நிழல் இதற்கெல்லாம் சாம்பல் நிறம் வேண்டும். அதே கறுப்பில் தண்ணீர் கலந்து, குறைய, கூட என்று மூன்று நான்கு பதத்தில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் எடுத்து வைப்பார்கள். கிரே வாஷ் என்று பேர். சாம்பல் மையாகவே பாட்டிலிலும் வரும், இல்லாவிட்டால் கடையிலேயே கலப்பார்கள். என் கடையில் கலந்தார்கள். மேஜை ஓரத்தில் மூக்கு நீண்ட ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக.

முதல் ஒரு வாரம் எல்லாருக்கும் ஆவதுதான் எனக்கும் ஆனது. சிவப்பு, எரிச்சல், மெல்லிசாகப் பொருக்கு, அப்புறம் அரிப்பு. அதுவும் போய் தோல் நன்றாகவே ஆறியது. ஆறின இடத்தில் இரண்டு மூன்று வாரம் கழித்துச் சின்னச் சின்னதாகப் பொரிப்பொரியாகக் கிளம்ப ஆரம்பித்தது. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. தடவினால் மணல் ஒட்டினாற்போல் கையில் படும். நிறம் மட்டும் கொஞ்சம் ஊதா கலந்த சிவப்பு.

மெடிக்கல் ஷாப்பில் காட்டினேன். நம்மூரில் எந்தத் தோல் பிரச்சினைக்கும் எடுத்துக் கொடுக்கும் ஒரு டியூப் உண்டு. ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்தது. போட்டதும் சிவப்பு அடங்கியது. பத்து நாளில் முன்னைவிடப் பெரிதாக, தடித்துத் திரும்பி வந்தது. அடுத்து வீட்டுப் பக்கத்து டாக்டர் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதினார். ஒரு புள்ளிகூட அசையவில்லை. அம்மா மட்டும் தினமும் கையைப் பிடித்துப் பார்த்து, "அப்பாவுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்குது கண்ணு" என்பாள். கேட்கவே ஒரு மாதிரி இருக்கும்.

கடைசியில் கோவையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. கையைப் பார்த்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார், அப்புறம் கேட்ட முதல் கேள்வி: "மீசையில ஏன் ஒண்ணுமே இல்ல?"

அதுவரை நான் கவனிக்கவே இல்லை. கன்னத்தில் கட்டிகள், நெற்றியில், தாடைக்குக் கீழே நிழலடித்த இடத்தில் கட்டிகள். கனத்த கறுப்பில் போட்ட மீசையிலும் புருவத்திலும் தலைமுடியிலும் தோல் வழவழவென்று இருந்தது. ஒரே கை, ஒரே நாள், ஒரே ஊசி, ஒரே கறுப்பு மை பாட்டில். சாம்பல் இடத்தில் மட்டும் கூடுதலாகப் போனது என்ன? தண்ணீர். "ஊசியில பிரச்சினை இருந்தா எல்லா இடத்துலயும் வந்திருக்கணும். அலர்ஜின்னா கறுப்பு அடர்த்தியா இருக்கற இடத்துலதான் அதிகம் வரணும். இது ரெண்டும் இல்ல" என்றார். அதிலேயே பாதி நோய் பிடிபட்டுவிட்டது.

பயாப்சி எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, பேனா மூடி அளவு கருவியால் சின்ன வட்டமாகத் தோலைத் தோண்டி எடுத்துத் தையல் போடுவது, அவ்வளவுதான். இங்கே ஒரு விஷயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எடுக்கும் சதையை ஃபார்மலினில் போட்டு பேத்தாலஜிக்கு அனுப்பிவிடுவார்கள். ஃபார்மலினில் விழுந்த சதையில் கிருமி எதுவும் உயிரோடு இருக்காது, அதற்குப் பிறகு கல்ச்சர் செய்ய, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, வழியே இல்லை. அதனால் இரண்டு துண்டு எடுக்க வேண்டும். ஒன்று ஃபார்மலினில், இன்னொன்று ஸ்டெரைல் சலைனில். லேப் ஃபார்மில் "டாட்டூவுக்குப் பிறகு வந்தது, மைக்கோபாக்டீரியா கல்ச்சரும் வேண்டும்" என்று எழுதித் தர வேண்டும். என் டாக்டர் அதோடு, முப்பது டிகிரி வாக்கிலும் ஒரு செட் வளர்த்துப் பாருங்கள் என்று லேப்புக்குப் போனே போட்டுச் சொன்னார். அவர் சந்தேகப்பட்ட கிருமிக்கு உடம்புச் சூட்டைவிடக் குறைந்த சூடுதான் பிடிக்குமாம். சாதாரண சீழ் கல்ச்சர் செய்திருந்தால் "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் வந்திருக்கும், நானும் எல்லாம் சரிதான் என்று நினைத்திருப்பேன்.

பேத்தாலஜி ரிப்போர்ட் முதலில் வந்தது. கிரானுலோமா (நோய் எதிர்ப்புச் செல்கள் திரண்ட கட்டி), ஏ.எஃப்.பி பாசிட்டிவ் (சாயம் ஏற்றிப் பார்த்தால் சிவப்பாகத் தெரியும் ஒரு வகைக் கிருமி இருக்கிறது). ஏ.எஃப்.பி என்றால் நம்மூரில் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான், டிபி. வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அக்கா தன் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. டாக்டர் மட்டும் அசரவில்லை. டிபி கிருமிக்குச் சொந்தக்காரக் கூட்டம் ஒன்று மண்ணிலும் தண்ணீரிலும் சர்வசாதாரணமாக இருக்கிறது, அதுவும் அதே சாயத்தில் அதே மாதிரி சிவப்பாகத்தான் தெரியும் என்றார். டிபிக்கான ஜீன் டெஸ்ட் நெகட்டிவ். கல்ச்சர் வந்தபோது பெயரும் தெரிந்தது: மைக்கோபாக்டீரியம் கெலோனே. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. டிபிக்குக் கொடுக்கும் வழக்கமான மாத்திரைகளுக்கு மசியவும் மசியாது. ஏ.எஃப்.பி பாசிட்டிவ் என்ற ஒற்றை வரியைப் பார்த்து யாராவது டிபி மருந்து ஆரம்பித்திருந்தால் மாதக்கணக்கில் வீணாக விழுங்கியிருப்பேன்.

மருந்து கிளாரித்ரோமைசின், காலை ஒன்று ராத்திரி ஒன்று. கிருமி எதிர்ப்பு பழகிவிடக் கூடாதென்று துணைக்கு இன்னொன்றும் சேர்த்தார். மாதக்கணக்கில் சாப்பிட்டேன். வாயில் எந்நேரமும் இரும்பை நக்கிய மாதிரி ஒரு கசப்பு. காலை காபியை விட்டேன். கட்டிகள் மெதுவாக, மிக மெதுவாகத் தட்டையாயின. ஏற்கெனவே கொலஸ்ட்ரால் மாத்திரையோ இதய மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த மருந்து எழுதும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், சிலவற்றோடு இது ஒத்துப்போகாது. ஸ்டீராய்டு டியூப் ஏன் கெடுத்தது என்பதையும் அவரே சொன்னார். உடம்பு கிருமியோடு சண்டை போடுவதால்தான் அந்தச் சிவப்பு. ஸ்டீராய்டு சண்டையை நிறுத்திவிடும். சிவப்பு போகும், கிருமி தங்கு தடையில்லாமல் பெருகும்.

என் கதை அபூர்வம் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் 2011 கடைசியில் கிட்டத்தட்ட இதே கதை நடந்திருக்கிறது. ஒரே டாட்டூ கலைஞரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்குச் சாம்பல் நிழலில் மட்டும் கட்டிகள். அதே கெலோனே. அந்தக் கலைஞர் தண்ணீர் எதுவும் கலக்கவில்லை. கம்பெனியே கலந்து பாட்டிலில் அடைத்த சாம்பல் மை. இன்னும் திறக்காத ஒரு பாட்டிலிலும் அதே கிருமி இருந்தது. அதாவது கடை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ-வின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கடையில் விற்கும் 75 மைகளைச் சீல் உடைக்காமல் வாங்கிச் சோதித்ததில் 26-இல் பாக்டீரியா இருந்தது. லேபிளில் 'ஸ்டெரைல்' என்று போட்டிருந்தவையும் அதில் அடக்கம்.

சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதே கடைக்குப் போனேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன், மறைக்கவில்லை. பையன் கையைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போனான். தண்ணீர் எங்கே பிடித்தாய் என்று கேட்டதற்கு மூலையைக் காட்டினான். இருபது லிட்டர் கேன். "மினரல் வாட்டர்தானுங்ணா, குழாய்த் தண்ணி நாங்க தொடறதே இல்ல" என்றான். அந்த மூக்கு நீண்ட பாட்டிலை வாரக்கணக்கில் கழுவாமல் அதற்கு மேலேயே நிரப்புவார்கள் என்பதும் பேச்சோடு பேச்சாக வந்தது. கிருமி அங்கேதான் இருந்தது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது, அந்தத் தண்ணீரை யாரும் சோதிக்கவில்லை. ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் வேறு, தோலுக்குள் செலுத்த நல்ல தண்ணீர் வேறு. ஆர்.ஓ தண்ணீர், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எதுவும் ஸ்டெரைல் கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் ஊசி மருந்து கலக்க 'ஸ்டெரைல் வாட்டர் ஃபார் இன்ஜெக்ஷன்' என்று சின்ன ஆம்பூல் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை உடைத்து ஒரு ஆளுக்குப் பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிட்டால் போதும். ஆயிரக்கணக்கில் வாங்கும் ஒரு டாட்டூவில் இந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது. பையன் இப்போது அப்படித்தான் செய்கிறான், எனக்கு வீடியோ எடுத்து அனுப்பினான். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. யார் சொல்லித் தருவது? முடி வெட்டும் கடைக்கு இருக்கும் கெடுபிடிகூட இந்தத் தொழிலுக்கு இல்லை. திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்துவிடும் வேலையே நடந்து, 2024 டிசம்பரில் கைது, கடைக்குச் சீல் என்று போன பிறகுதான் இப்படிக் கடைகளை யார் கண்காணிக்கிறார்கள் என்ற பேச்சே கிளம்பியது.

மைக்குள் என்ன இருக்கிறது

கிருமி ஒரு பக்கம். மையே இன்னொரு பக்கம். இந்த நிறமிகளில் பலவும் தோலுக்காகச் செய்தவை அல்ல. பெயின்ட், பிளாஸ்டிக், அச்சு மை இதற்கெல்லாம் போகும் அதே நிறமிகள். கறுப்பு பெரும்பாலும் கார்பன் பிளாக், அதாவது நயமான கரி. சரியாகத் தயாரிக்காவிட்டால் கரியோடு பி.ஏ.ஹெச் என்ற வேதிப்பொருள்களும் ஒட்டி வரும், அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. சிவப்பு முன்பு பாதரசச் சேர்மமாக இருந்தது, இன்று பெரும்பாலும் அசோ நிறமி. ஆம், நாங்கள் பனியனில் துரத்தித் துரத்திப் பிடிக்கும் அதே அசோ குடும்பம்தான்.

அலர்ஜியில் முதலிடம் சிவப்புக்கு. எங்கள் கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் இருக்கும் ஒரு பெண் தோளில் செந்தாமரை குத்தியிருந்தாள். ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றுமில்லை. திடீரென்று இதழ்கள் மட்டும் மேடாகித் தடித்து, ராத்திரி தூங்க முடியாத அரிப்பு. பச்சை இலையும் கறுப்புத் தண்டும் அப்படியே இருந்தன. முன்கூட்டி ஒரு புள்ளி குத்திப் பார்த்துவிட்டுப் போடலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம், ஆனால் மாதங்களோ வருடங்களோ கழித்து வரும் அலர்ஜியை அந்தப் புள்ளி சொல்லாது. வேண்டாத செயின் என்றால் கழற்றிவிடலாம், இதைக் கழற்றவும் முடியாது. அவளுக்கு டாக்டர் அந்தத் தடிப்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மைகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்குத் தடையோ அளவுக் கட்டுப்பாடோ கொண்டுவந்தது. நீலத்தில் பிக்மென்ட் புளூ 15:3, பச்சையில் பிக்மென்ட் கிரீன் 7 இரண்டுக்கும் ஒரு வருடம் கூடுதல் அவகாசம் கொடுத்து 2023 ஜனவரியில் நிறுத்தியது. அமெரிக்காவில் தோலுக்குள் செலுத்த என்று எஃப்.டி.ஏ அனுமதி பெற்ற நிறமி ஒன்றுகூட இல்லை. இங்கே, கர்நாடக சுகாதாரத் துறை 2025 தொடக்கத்தில், மாதிரிகளில் ஆர்செனிக், குரோமியம், செலினியம் உள்பட 22 உலோகங்கள் இருப்பதாகச் சொல்லி, மைகளுக்கு விதிமுறை வேண்டும் என்று மத்திய அரசிடம் கேட்கப் போவதாக அறிவித்தது. ஐரோப்பாவில் விற்க முடியாத பாட்டில் எங்கே போகும் என்று எக்ஸ்போர்ட் தொழிலில் இருப்பவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரிஜெக்ட் ஆன சரக்கு எப்போதும் கேள்வி கேட்காத சந்தைக்குத்தான் போகும்.

அடுத்தது எல்லாரும் கேட்பது: கேன்சர் வருமா? குத்திய மை குத்திய இடத்திலேயே முழுதாக நிற்பதில்லை என்பது உறுதி. தோலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் நிறமியை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் செத்தால் மை வெளியே கொட்டும், அடுத்த செல் விழுங்கும். பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். டாட்டூ அழியாமல் இருப்பதற்கே காரணம் இந்தக் கைமாற்றல்தான். நிறமியில் ஒரு பங்கு நிணநீரோடு போய் நெறிக்கட்டும் இடங்களில் உள்ள நிணநீர் முடிச்சுகளில், கையில் குத்தினால் அக்குளில், தங்கிவிடுகிறது. இதனால் உடனடியாக வரும் ஒரு தொல்லை உண்டு. ஸ்கேனில் அந்த முடிச்சு பெரிதாகவோ ஒளிர்ந்தோ தெரிந்து, கேன்சர் பரவிவிட்டதோ என்று குழப்பும். மேமோகிராம், பெட் ஸ்கேன் எடுக்கும்போது டாட்டூ இருப்பதைச் சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.ஐ எடுக்கும்போதும் சொல்லுங்கள். அரிதாக, இரும்பு கலந்த மை சூடாகிச் சுருக்கென்று எரியும்.

கேன்சர் கேள்விக்கு நேர்ப்பதில் இன்னும் இல்லை. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வு 2024-இல், டாட்டூ உள்ளவர்களுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வாய்ப்பு 21 சதவீதம் அதிகம் என்றது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் அது "டாட்டூ போட்டால் கேன்சர்" என்று சுற்றியது. அதே ஆய்வில், டாட்டூ பெரிதாக இருந்தால் ஆபத்தும் கூடும் என்ற தொடர்பு கிடைக்கவில்லை. மை நேரடிக் காரணம் என்றால் அது கூடியிருக்க வேண்டும் என்று தோன்றும். அரிதான ஒரு நோயில் 21 சதவீதம் கூடுவது என்றால் எண்ணிக்கையில் மிகச் சிறியது என்பதையும் யாரும் சொல்லவில்லை. நான் இதை நினைத்துத் தூக்கம் கெடவில்லை. ஆனால் முதுகு முழுக்கக் கலர் மை நிரப்பப் போகிறேன் என்று கிளம்பும் தம்பிமாரிடம், இன்னும் பத்து வருடத்தில் இந்த ஆய்வுகள் எதைச் சொல்லும் என்று தெரியாது, கறுப்பில் சின்னதாகப் போட்டுக்கொள் என்று சொல்வேன்.

கல்யாண வீட்டு கறுப்பு மெஹந்தி

ஊசியே இல்லாத டாட்டூவிலும் ஒரு பூதம் இருக்கிறது. மருதாணி ஒருபோதும் கறுப்பாகப் பிடிக்காது. ஆரஞ்சில் ஆரம்பித்து ஒரு நாள் கழித்து அரக்குச் சிவப்புக்குப் போகும், அதற்கு ராத்திரி முழுக்க வைத்திருக்கவும் வேண்டும். அரை மணியில் கருகருவென்று பிடிக்கும் கோன் என்றால் அதில் பி.பி.டி இருக்க வாய்ப்பு மிக அதிகம். தலைச்சாயத்தில் போடும் பாரா-ஃபினைலின்டயமின்தான் அது. தலைச்சாயத்தில் அதற்கு அளவு உண்டு, ஐரோப்பாவில் தலையில் தடவும் கலவையில் 2 சதவீதம்தான் உச்சம். பெயரில்லாத கோனுக்கு அளவாவது ஒன்றாவது. என் சித்தி மகள் கையில் டிசைன் போட்ட கோடு கோட்டிலேயே கொப்புளம் கிளம்பியது. ஆறின பிறகும் வெள்ளைக் கோடாகப் பூவும் கொடியும் மாசக்கணக்கில் தெரிந்தது. இதில் பெரிய சங்கடம் பின்னால்தான். ஒருமுறை உடம்பு பி.பி.டி-யை எதிரியாகப் பதிந்துகொண்டால் ஆயுசுக்கும் மறக்காது. நாற்பது வயதில் நரைக்குச் சாயம் அடிக்கும்போது முகமே வீங்கும். பொருட்காட்சியில் குழந்தைகள் கையில் பத்து நிமிடத்தில் கறுப்பாகத் தேளும் டிராகனும் வரைபவர்களிடம் விட வேண்டாம் என்பது இதனால்தான்.

திருவிழாக் கடை ஊசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரி மிஷின், ஒரே மைக்கிண்ணம், வரிசையில் பத்துப் பேர். ஊசியை மட்டும் மாற்றினாலும், முன்னவர் ரத்தம் பட்ட கிண்ணத்திலேயே தோய்த்தால் மாற்றியதற்கு அர்த்தமில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். "எங்க பாட்டி கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தாங்க, தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாங்க" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். என் பாட்டிக்கும் குத்தியிருந்தது. இருந்தவர்கள்தான் கதை சொல்ல முடியும். நாற்பது வயதில் மஞ்சள் காமாலையில் போனவரின் கல்லீரல் எதனால் கெட்டது என்று அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்? சத்தீஸ்கரில் தெருவோரப் பச்சைகுத்திகளிடம் குத்திக்கொண்ட 31 பேருக்கு, குத்திய கோட்டின் மேலேயே தொழுநோய்த் தேமல் வந்ததைத் தோல் மருத்துவர் ஒருவர் 2002-இல் பதிவு செய்திருக்கிறார். அது குத்திய கையோடு வருவதில்லை, பல வருடம் கழித்து வெளியே வருவது.

இப்படி எங்கோ குத்திவிட்டு இப்போது பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு: மறுநாளே போய் ரத்தம் பார்த்தால் எதுவும் தெரியாது. ஹெச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றையும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, பெரியவர்களுக்கு மூன்று டோஸ், ஆறு மாதத்தில் முடியும். நாடு முழுக்கக் குழந்தைகளுக்கான அட்டவணையில் அது சேர்ந்தது 2011 வாக்கில்தான், அதனால் இப்போது டாட்டூ போடும் வயதில் இருக்கும் பலருக்கும் போட்டிருக்காது. சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் மாத்திரையில் பெரும்பாலும் மூன்றே மாதத்தில் குணமாகிறது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே இலவசம்.

"பிடிக்கலன்னா லேசர்ல எடுத்துக்கலாம்" என்ற தைரியத்தில் குத்துகிறவர்கள் நிறைய. எனக்கும் டாக்டரிடம் கேட்கத் தோன்றியது. கிருமி முழுதும் போய் மாதங்கள் ஆகும் வரை லேசர் பக்கமே வராதே என்றார். லேசர் மையை அழிப்பதில்லை, தூளாக்கி உடம்புக்குள்தான் அனுப்புகிறது. அசோ நிறமி உடைந்தால் என்ன வரும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். ஆறு எட்டு வார இடைவெளியில் பல தடவை போக வேண்டும், நம் மாநிறத்தில் வெள்ளைத் திட்டு விழும் வாய்ப்பும் உண்டு. அலர்ஜி வந்த சிவப்பை லேசரில் தூளாக்கினால் உடம்பு முழுக்க அலர்ஜி கிளம்பலாம், அதனால் என் சக ஊழியைக்கு அதை வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். அழகு நிலையத்தில் புருவத்துக்கும் உதட்டுக்கும் போடும் 'பெர்மனன்ட் மேக்கப்' இதே மை, இதே ஊசி வேலைதான். அதில் வெள்ளையும் தோல் நிறமும் கலந்திருந்தால் லேசர் பட்டதும் வெளுப்பதற்குப் பதில் ஒரேயடியாகக் கறுத்துவிடும். ராணுவத் தேர்வில் தள்ளிவிடுவார்கள் என்று ஆசிட் வைத்துத் தேய்த்து, டாட்டூ இருந்த இடத்தில் கெலாய்டு என்ற தடித்து வளரும் தழும்போடு வந்த ஒரு பையனை அதே கிளினிக் வரிசையில் பார்த்தேன். தழும்பு டாட்டூவைவிடப் பெரிசு.

குத்துவது என்று முடிவெடுத்துவிட்டவர்களை நான் தடுக்கப் போவதில்லை. அப்பாவின் முகம் என் கையில் இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசை உங்களுக்கும் ஏதோ ஒரு வகையில் இருக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், காது குத்திய இடமே கட்டியாக வளர்ந்தவர்கள், சொரியாசிஸோ வெண்புள்ளியோ இருப்பவர்கள் தோல் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். கடைசி இருவகைக்கும் ஊசி பட்ட கோட்டிலேயே அந்த நோய் கிளம்பும் வாய்ப்பு உண்டு. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இப்போது அவசரமில்லை. ரத்தம் கொடுக்கும் பழக்கம் இருந்தால் குத்திய பிறகு ஒரு வருடம் எடுக்க மாட்டார்கள் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

கடையில் ஊசிக் கவரைப் பார்த்த பிறகு மை பாட்டிலைக் கையில் வாங்கிப் பாருங்கள். கம்பெனிப் பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, உள்ளே இருக்கும் நிறமிகளின் பெயர் இருக்க வேண்டும். பெரிய பாட்டிலிலிருந்து மாற்றி ஊற்றிய, லேபிள் இல்லாத டப்பா என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அட்வான்ஸ் போனால் போகட்டும். பாட்டிலை போனில் படம் எடுத்து வையுங்கள், நாளைக்கு டாக்டர் கேட்கும் முதல் தடயம் அதுதான். "எதுல தண்ணி கலக்கறீங்க?" என்று கேளுங்கள். ஆம்பூலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பேப்பரில் வரைந்த டிசைனைத் தோலில் ஒட்டும்போதும், நடுநடுவே துடைக்கும்போதும் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். ஆறும் வரை கிணறு, ஆறு, நீச்சல் குளம் வேண்டாம். சாதாரண எரிச்சல் நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலும், ஆறின பிறகு புதிதாக எதுவும் கிளம்பினாலும், டியூப் எதுவும் வாங்கித் தடவாமல் நேரே தோல் டாக்டரிடம் போங்கள். போகும்போது எந்த நிறத்தில் கட்டி இருக்கிறது, எந்த நிறத்தில் இல்லை என்று பார்த்து வைத்துக்கொண்டு போங்கள்.